அமெரிக்காவில் 9 கோடிப் பேர் ஏன் ஓட்டுப் போடவில்லை?

2024 நவம்பர் 5ஆம் தேதி நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் சுமார் 7 கோடியே 73 லட்சம் ஓட்டு வாங்கினார். கமலா ஹாரிஸ் வாங்கியது சுமார் 7 கோடியே 50 லட்சம். தகுதி இருந்தும் ஓட்டே போடாதவர்கள் ஏறத்தாழ 9 கோடிப் பேர். இருவரில் எவருக்கு விழுந்ததைவிடவும் இது அதிகம்.

இந்தக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் நம் பக்கத்தில் இரண்டு விளக்கங்கள் கிளம்பும். வசதி வந்துவிட்டால் அரசியலில் அக்கறை போய்விடும் என்பது ஒன்று. அங்கே கறுப்பர்களையும் ஏழைகளையும் ஓட்டுப் போட விடாமல் சூழ்ச்சி செய்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் விளக்கம் தலைகீழ். அமெரிக்காவில் வருமானமும் படிப்பும் கூடக்கூட ஓட்டுப் போடுவதும் கூடுகிறது. வீட்டிலேயே இருந்துவிடுபவர்களில் ஏழைகளும் இளைஞர்களும்தான் அதிகம். இரண்டாவது விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு 9 கோடிக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

உண்மையில் மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓட்டுப் போட எவ்வளவு அலைய வேண்டும்? போட்டால் முடிவு மாறுமா? யாராவது வந்து கேட்டார்களா? தொலைக்காட்சி விவாதங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் அதற்குக் குறைந்தவை அல்ல.

## எதில் எத்தனை சதவீதம்?

அமெரிக்க வாக்குப்பதிவு சதவீதம் என்று மூன்று விதமான எண்கள் செய்திகளில் அடிபடும். மூன்றும் சரிதான், எதால் வகுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

1. வாக்களிக்கும் வயதினர். 18 வயது நிரம்பி அந்த நாட்டில் வசிக்கும் எல்லோரும் இதில் அடக்கம். டல்லஸிலோ நியூஜெர்சியின் எடிசனிலோ வருடக்கணக்காகக் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம்மூர் மென்பொருள் பொறியாளரும் இந்தக் கணக்கில் வருவார். அவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. இப்படி வகுத்தால் 2024இன் சதவீதம் 60க்குக் கீழே போய்விடும்.

2. தகுதி பெற்றவர்கள். குடியுரிமை இல்லாதவர்களையும், குற்றத் தண்டனையால் ஓட்டுரிமை இழந்தவர்களையும் கழித்து, வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களைச் சேர்த்துக்கொள்ளும் கணக்கு. இதன்படி 2024இல் சுமார் 64 சதவீதம். 2020இல் சுமார் 66 சதவீதம். 1900க்குப் பிறகு அவ்வளவு உயர்ந்ததே இல்லை. ஆய்வாளர்கள் நம்புவது இந்த எண்ணைத்தான்.

3. பதிவு செய்தவர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2024 தேர்தலுக்குப் பின் எடுத்த சர்வேயில், பட்டியலில் பெயர் இருப்பதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் ஓட்டுப் போட்டதாகவும் சொன்னார்கள். போடாமலேயே போட்டதாகச் சொல்கிறவர்களும் இருப்பார்கள், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வகுத்தல் குழப்பத்தால் ஒரு தலைமுறையே ஏமாந்திருக்கிறது. 1996இல் வாக்களிக்கும் வயதினரில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்று செய்தி வந்தபோது, 1972 முதல் ஜனநாயகமே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பெரிய புலம்பல் எழுந்தது. 2001இல் இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் தகுதி பெற்றவர்களை மட்டும் எடுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். சரிவு பெரும்பாலும் காணாமல் போயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கூடியிருந்தது குடியேறிகளின் தொகையும் சிறைவாசிகளின் தொகையும்தான்.

இந்தியாவோடு ஒப்பிடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நம் சதவீதம் சுமார் 66. அது பட்டியலில் உள்ளவர்களை வைத்து வகுத்தது. அமெரிக்காவின் 64 தகுதி உள்ள எல்லோரையும் வைத்து வகுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "நாம்தான் மேல்" என்று சொல்வதில் பொருளில்லை.

மேலே உள்ள மூன்றாவது எண்ணை மட்டும் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. பட்டியலில் ஏறிவிட்டவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் பட்டியலில் ஏறுவதில்தான் ஏதோ இருக்கிறது.

## பெயரைச் சேர்ப்பது யார் வேலை?

இந்தியாவில் வாக்காளர் பட்டியல் தயாரிப்பது அரசின் பொறுப்பு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார். பெயர் விட்டுப்போனால் அவரையே பிடித்துக் கேட்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் குடிமகன்தான் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்குமான ஒரே அமைப்பும் அங்கே இல்லை. மத்திய அளவில் இரண்டு ஆணையங்கள் உண்டு. ஒன்று தேர்தல் நிதியைக் கவனிக்கிறது; இன்னொன்று ஆலோசனை சொல்கிறது. தேர்தலை நடத்துபவை 10,000க்கு மேற்பட்ட உள்ளாட்சி அலகுகள்: கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), நகரம், சிற்றூர். விதிகளை வகுப்பது மாநிலச் சட்டமன்றம். மேற்பார்வை பார்க்கும் மாநிலச் செயலாளர் பல இடங்களில் கட்சிச் சின்னத்தோடு ஜெயித்து வந்தவராக இருப்பார். ஆகவே "அமெரிக்காவில் ஓட்டுப் போடுவது எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, எந்த மாநிலம் என்று கேட்டுக்கொண்டுதான் சொல்ல முடியும். வடக்கு டகோட்டாவில் பதிவு என்ற நடைமுறையே கிடையாது. மினசோட்டா, விஸ்கான்சின், மெய்ன் மாநிலங்களில் 1970களிலிருந்தே ஓட்டுப் போடும் நாளன்று சாவடியிலேயே பதிந்துகொண்டு போட்டுவிடலாம்.

டெக்சாஸ் இன்னொரு கோடி. அங்கே தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும். வேட்பாளர்களின் கடைசி விவாதம், ஊரெங்கும் சுவரொட்டி, வீட்டில் சூடான பேச்சு எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். அப்போது ஆர்வம் பிறந்து என்ன பயன்? ஓட்டுநர் உரிமத்தை ஆன்லைனில் புதுப்பிக்கிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஆன்லைன் பதிவும் இல்லை. படிவத்தை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, அஞ்சலில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்குப் பதிந்து கொடுக்க விரும்பும் தன்னார்வலர் கவுண்டி அலுவலகத்தில் நியமனம் பெற வேண்டும். அந்த நியமனம் அந்தக் கவுண்டியில் வசிப்பவர்களைப் பதியச் செல்லுமே தவிர அடுத்த கவுண்டிக்குச் செல்லாது. டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஹூஸ்டன், டல்லஸ் போன்ற நகரங்களின் புறப்பகுதிகள் இரண்டு மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடப்பவை. கல்லூரி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர், வருகிற மாணவரின் நிரந்தர முகவரி எந்தக் கவுண்டி என்று கேட்டுவிட்டுத்தான் படிவத்தை நீட்ட முடியும்.

இதோடு வீடு மாறும் பழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு எட்டொன்பது பேர் வீடு மாறுகிற நாடு அது. வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்கள்தான் அதிகம் மாறுகிறார்கள். மாறியவர் புது முகவரியைப் பதிய வேண்டும். முப்பது வருடக் கடனில் வீடு வாங்கி ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்ட அறுபது வயதுக்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

நிலைமையைச் சீராக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1993இல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ள வழி செய்தது. ஓரிகன் 2016 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அலுவலகத்துக்கு வரும் தகுதியுள்ளவர்களைத் தானாகவே பட்டியலில் சேர்த்துவிடுகிறது. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். பல மாநிலங்கள் அந்த வழிக்கு வந்துவிட்டன.

எதிர்த் திசையிலும் வண்டி ஓடுகிறது. ஒஹையோவில் இரண்டு ஆண்டுகள் ஓட்டுப் போடாமல் இருந்தால் ஒரு கடிதம் வரும். அதற்குப் பதில் போடாமல், அடுத்த நான்கு ஆண்டுகளும் ஓட்டுப் போடாமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது.

கன்சாஸ் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. 2013 முதல் அங்கே பதிவு செய்ய, பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ காட்டிக் குடியுரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. சுமார் 31,000 பேரின் பதிவு இதனால் தடைப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய 12 சதவீதம். வழக்கு நடந்தபோது, 19 ஆண்டுகளில் பட்டியலில் நுழைந்திருக்கக்கூடிய வெளிநாட்டவர் அதிகபட்சம் 39 பேர் என்று நீதிமன்றம் கண்டறிந்து 2018இல் சட்டத்தை ரத்துசெய்தது. இதே நிபந்தனையை நாடு முழுவதற்கும் கொண்டுவரும் மசோதாவை நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்த மசோதா பற்றிய சண்டை செய்திகளில் வரும்போது கன்சாஸின் 31,000த்தையும் 39ஐயும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

## செவ்வாய்க்கிழமை

நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று நாள் குறித்தது 1845ஆம் ஆண்டுச் சட்டம். ஞாயிறு தேவாலயம், புதன் சந்தை. குதிரை வண்டியில் மாவட்டத் தலைநகருக்குப் போய்வர இடையில் ஒரு நாள் வேண்டும் என்ற விவசாயிகள் காலத்துக் கணக்கு. இன்றும் அது தேசிய விடுமுறை கிடையாது. ஓட்டுப் போட வேலையிலிருந்து நேரம் கொடுக்கச் சில மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. மத்தியச் சட்டம் எதுவும் இல்லை.

இது ஒரு பெரிய காரணம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த அளவுக்குப் பெரிதல்ல. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் முன்கூட்டியே நேரிலோ அஞ்சலிலோ போட்டுவிடலாம். 2020இல் கோவிட் காரணமாகப் பத்தில் ஏழு பேர் அப்படித்தான் போட்டார்கள். வரிசையில் காத்திருப்பதுதான் இன்னும் ஆறாத புண். 2016 தேர்தல் நாளில் செல்பேசி இருப்பிடத் தரவுகளை வைத்துப் பார்த்த ஆய்வில், முழுக்கக் கறுப்பர்கள் வாழும் பகுதியினர் வெள்ளையர் பகுதியினரைவிட 29 சதவீதம் கூடுதல் நேரம் சாவடியில் நின்றது தெரிந்தது.

## ஹவாயும் விஸ்கான்சினும்

அலைச்சல்தான் ஒரே காரணம் என்றால் ஹவாய்தான் முதலிடத்தில் இருக்க வேண்டும். 2020 முதல் அங்கே பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே அஞ்சலில் வருகிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குறித்து உறையில் போட்டு அனுப்பலாம். பதிய மறந்தவர் கடைசி நாளன்றும் பதிந்துகொள்ளலாம். 2024இல் ஹவாயின் வாக்குப்பதிவு சுமார் 50 சதவீதம். நாட்டிலேயே கடைசி இடம்.

விஸ்கான்சினில் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், விதி கடுமையானது. 2024இல் தானியங்கிப் பதிவு கிடையாது. அஞ்சல் ஓட்டு வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். நவம்பரில் குளிர் வேறு. அங்கே சுமார் 76 சதவீதம். நாட்டிலேயே உச்சத்தில் இருந்த மாநிலங்களில் ஒன்று. அன்றே பதிந்துகொள்ளும் வசதி அங்கே இருக்கிறது, உண்மை. ஆனால் ஹவாயிலும் அது இருக்கிறதே!

வேறுபாடு எங்கே என்றால், விஸ்கான்சினில் 2008, 2012 நீங்கலாக அதிபர் தேர்தலின் வெற்றி வித்தியாசம் இப்படிப் போகிறது:

2000: 5,708
2004: 11,384
2016: 22,748
2020: 20,682
2024: 29,397

ஹவாயில் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி கடைசியாக ஜெயித்தது 1984இல், ரீகன் நின்றபோது. ஹவாயில் மாலை 7 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது வாஷிங்டனில் நள்ளிரவு. நாட்டின் மறுகோடியில் எண்ணிக்கை பாதி முடிந்திருக்கும். ஹவாய்க்கென்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் "என் ஒரு ஓட்டால் என்ன?" என்று ஹொனலுலுவில் ஒருவர் கேட்டால் மறுப்பது கடினம். அதே கேள்வியை மில்வாக்கியில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

இதை உண்டாக்குவது எலெக்டோரல் காலேஜ் எனப்படும் தேர்வாளர் குழு. அதன் அடிப்படை இவ்வளவுதான்: மாநிலத்துக்கு இத்தனை என்று மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 கிடைத்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும். 2024இல் கலிபோர்னியாவில் ஹாரிஸ் சுமார் 32 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து 54 தேர்வாளர்களைப் பெற்றார். ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அதே 54தான். அங்கே கூடுதலாகப் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரரின் ஓட்டும் பயன்படவில்லை, தோற்ற அறுபது லட்சம் குடியரசுக் கட்சிக்காரர்களின் ஓட்டும் பயன்படவில்லை.

ஆகவே வேட்பாளர்கள் எங்கே போவார்கள்? 2024இல் பென்சில்வேனியா, மிஷிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடக்கு கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களில்தான் கூட்டமும் விளம்பரமும் பணமும் கொட்டின. ஓக்லஹோமாவிலும் அர்கன்சாவிலும் வாக்குப்பதிவு ஐம்பதைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றது.

பிரதிநிதிகள் சபையிலும் இதே கதை. 435 தொகுதிகளில் உண்மையான போட்டி நடப்பது சுமார் 40 தொகுதிகளில்தான். பல மாநிலங்களில் எல்லைக்கோடு போடுவது ஆளுங்கட்சி கையில் இருப்பதால் கோடுகள் அதற்குத் தோதாக வளைகின்றன. மக்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி ஊர்களில் தாங்களாகவே குடியேறிக்கொள்வதும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் கோடு போட்டவர் மேல் சுமத்த முடியாது. பாதுகாப்பான தொகுதியில் முடிவு நவம்பரில் இல்லை, அதற்கு முன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலிலேயே தீர்ந்துவிடுகிறது. அதில் ஐந்தில் ஒருவர் ஓட்டுப் போட்டால் பெரிய விஷயம். சில மாநிலங்களில் கட்சி உறுப்பினராகப் பதிந்தவர் மட்டுமே அதில் போடலாம்.

## முடிவில்லாத தேர்தல்

அமெரிக்கர் ஓட்டுப் போட வேண்டிய பதவிகளை எண்ணினால் நமக்கே மூச்சு வாங்கும். அதிபர், செனட்டர், பிரதிநிதி, ஆளுநர், மாநிலத்தின் இரு அவைகள், மேயர், நகரமன்றம், பள்ளி வாரியம், ஷெரிப், அரசு வழக்கறிஞர், பல மாநிலங்களில் நீதிபதி, சில கவுண்டிகளில் பிணப் பரிசோதனை அதிகாரி. இவற்றில் பலவற்றுக்குப் பிரைமரி தனி. கலிபோர்னியாவில் 2024 நவம்பரில் இவற்றோடு மாநில அளவிலான 10 சட்டப் பிரேரணைகளுக்கும் ஆம், இல்லை சொல்ல வேண்டியிருந்தது. பேருக்குத்தான் அவை எளிய கேள்விகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் உட்பிரிவு பற்றி முடிவெடுக்க வேண்டுமென்றால் ஓர் இரவு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அதிபர் தேர்தல் இல்லாத இடைக்காலத் தேர்தலில் கூட்டம் குறையும். 2014இல் சுமார் 37 சதவீதம், 1942க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. டிரம்ப்பின் முதல் ஆட்சி மீதான கோபமும் ஆதரவும் சேர்ந்து 2018இல் அதை 50ஆக உயர்த்தின. உள்ளாட்சி இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலஸில் 2017 மார்ச்சில் தனியாக நடந்த மேயர் தேர்தலில் 20 சதவீத அளவில்தான் ஓட்டு விழுந்தது. தேதியை மாநிலத் தேர்தலோடு சேர்த்து 2022 நவம்பரில் நடத்தியதும் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பிரசாரமோ விழிப்புணர்வு ஊர்வலமோ செய்யாததை ஒரு நாட்காட்டி மாற்றம் செய்தது. இவ்வளவு மலிவான மருந்தைப் பல நகரங்கள் ஏன் தொடவில்லை என்றால், குறைந்த ஓட்டில் ஜெயித்துப் பழகியவர்கள்தான் தேதியை மாற்றும் அதிகாரத்திலும் இருக்கிறார்கள்.

## விரட்டப்பட்ட வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அமெரிக்கா இப்படி இல்லை. 1876 அதிபர் தேர்தலில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அப்போது ஓட்டுச் சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கையில் கொடுத்தன. பேண்டு வாத்தியம், சாராயம், ஊர்வலம் என்று திருவிழா மாதிரி நடக்கும். மிரட்டலும் பணமும் அதே அளவுக்கு நடந்தன. 1890களில் அரசே அச்சடிக்கும் ரகசிய ஓட்டுச் சீட்டும், தனிநபர் பதிவு முறையும் பரவின. ஊழல் குறைந்தது, கூட்டமும் குறைந்தது. 1924இல் பாதிப் பேர்கூடப் போடவில்லை. 1920இல்தான் பெண்களுக்கு நாடு முழுவதும் உரிமை கிடைத்திருந்தது என்பதும் அந்தச் சரிவில் கொஞ்சம் சேர்த்தி.

தென் மாநிலங்களில் நடந்தது வேறு. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் வந்த 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. ஆகவே இனம் என்ற சொல்லே வராத தடைகளைக் கண்டுபிடித்தார்கள்: தலைக்கு இவ்வளவு என்று தேர்தல் வரி, அதிகாரி மனம்போல மதிப்பெண் போடும் எழுத்தறிவுத் தேர்வு, வெள்ளையர் மட்டும் பங்கேற்கும் பிரைமரி. லூசியானாவில் 1896இல் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர். தடை நீங்கியபோது நடந்ததும் அதே வேகத்தில்தான். மிசிசிப்பியில் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் கறுப்பர்களில் 6.7 சதவீதம்தான் பதிவு. இரண்டே ஆண்டில் அது 59.8 சதவீதம். "அவர்களுக்கு அரசியலில் ஆர்வமில்லை" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு, பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி. எந்த மாநிலங்கள் என்று முடிவு செய்யும் அளவுகோல் காலாவதியானது என்று 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதை அடித்துப் போட்டது. நிறுத்திவைக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை டெக்சாஸ் அன்றைக்கே நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. துப்பாக்கி உரிமம் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது என்ற சட்டம் அதுதான்.

அடையாள அட்டை விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெடுநோக்கம் இருப்பது வேறு, விளைவு பெரிதாக இருப்பது வேறு. பத்தாண்டுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், இந்தச் சட்டங்கள் மொத்த வாக்குப்பதிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாகத் தெரியவில்லை. அட்டை இல்லாதவர்கள் பலர் ஏற்கெனவே ஓட்டுப் போடாதவர்கள்; சட்டத்தால் கோபப்பட்டு எதிர்க்கட்சிகள் கூடுதலாக ஆள் திரட்டுகின்றன என்பதும் ஒரு விளக்கம். அடையாள அட்டையைவிடப் பெரிய வேலி குற்றத் தண்டனை. அதனால் ஓட்டிழந்து நிற்பவர்கள் சுமார் 40 லட்சம் பேர். புளோரிடாவில் 2018இல் மக்களே ஓட்டெடுப்பில் 64 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து, தண்டனை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு உரிமையைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் என்று ஒரு கொக்கி போட்டுவிட்டது.

## கூப்பிடாத வீடு

2020இல் 65 முதல் 74 வயது வரையுள்ள குடிமக்களில் 76 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள். 18 முதல் 24 வயதுக்காரர்களில் 51. போடாததற்குக் காரணம் கேட்டால் வரும் பதில்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிரம்ப், ஹிலாரி கிளின்டன் மோதிய 2016இல், பதிவு செய்தும் போடாதவர்களில் கால்வாசிப் பேர் வேட்பாளர்களைப் பிடிக்கவில்லை என்றார்கள். 2020இல் முதலில் நின்றது "ஆர்வமில்லை". நேரமில்லை, உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்பவை எப்போதும் உண்டு. இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆர்வம் தானாக முளைப்பதில்லை என்பதற்கு மிஷிகனில் நடந்த ஒரு சோதனையே சாட்சி.

அமெரிக்காவில் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது ரகசியம். ஓட்டுப் போட்டோமா இல்லையா என்பது பொது ஆவணம். 2006 ஆகஸ்டில் நடந்த பிரைமரிக்கு முன் ஆய்வாளர்கள் மிஷிகனில் பல்லாயிரம் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு "ஓட்டுப் போடுவது கடமை" என்ற வழக்கமான அறிவுரை. வேறு சில வீடுகளுக்கு, அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் பெயரும், முந்தைய தேர்தல்களில் போட்டார்களா என்ற பட்டியலும், இந்தத் தேர்தலுக்குப் பிறகு புதுப்பித்த பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவோம் என்ற குறிப்பும். எந்தக் கடிதமும் போகாத வீடுகளில் 29.7 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள். கடமைக் கடிதம் போன வீடுகளில் 31.5. தெருப் பட்டியல் போன வீடுகளில் 37.8. மூன்று வகை வீடுகளுக்கும் ஒரே தேர்தல், ஒரே விதிகள், ஒரே சாவடிகள்.

கட்சிகள் இதே பொது ஆவணத்தை வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. தொண்டருக்கு நேரம் குறைவு. ஆகவே போன இரண்டு மூன்று தேர்தல்களில் போட்டவர் வீட்டுக் கதவைத்தான் தட்டச் சொல்வார்கள். அவர் மறுபடி போடுவார், அடுத்த முறையும் பட்டியலில் இருப்பார். ஒருமுறைகூடப் போடாதவர் வீட்டைத் தொண்டரின் செல்பேசியில் உள்ள ஆப் காட்டாது, தொண்டர் தாண்டிப் போய்விடுவார். வராதவரைக் கூப்பிடுவதில்லை, கூப்பிடாதவர் வருவதில்லை. கட்சிகள் வீண் செலவைத் தவிர்ப்பதற்காகச் செய்யும் இந்தக் கணக்குதான் ஏழைகளும் இளைஞர்களும் ஒதுங்கி நிற்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பிக்கிறது. மாறாக, 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில் எலான் மஸ்க் உட்பட இரு தரப்பும் பணத்தை இறைத்துக் கதவு கதவாகத் தட்டியதில் 23 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அதிபர் தேர்தல் அல்ல, இடைக்காலத் தேர்தல்கூட அல்ல.

## எல்லோரும் போட்டால் யார் ஜெயிப்பார்கள்?

பல பத்தாண்டுகளாக இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: ஓட்டுப் போடாதவர்கள் ஏழைகள், இளைஞர்கள், சிறுபான்மையினர், அவர்கள் வந்தால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம். அந்தக் கணக்கில்தான் ஒரு கட்சி பதிவை எளிதாக்கச் சட்டம் போட்டது, மற்றது கடினமாக்கச் சட்டம் போட்டது. 2020இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோதும் போடாதவர்களிடையே பைடனுக்கே ஆதரவு அதிகம்.

2024இல் அது புரண்டுவிட்டது. அதே மையம் கேட்டதில், போடாதவர்களில் 44 சதவீதம் டிரம்ப்பையும் 40 சதவீதம் ஹாரிஸையும் விரும்பியதாகச் சொன்னார்கள். 9 கோடிப் பேரும் வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. காரணம், பட்டம் படித்தவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், படிக்காத தொழிலாளர்கள், அவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பலரும்கூட, டிரம்ப் பக்கமும் நகர்ந்துவிட்டார்கள். எப்போதும் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள் இப்போது ஜனநாயகக் கட்சியின் பலம். கூட்டம் குறைந்த தேர்தல்களில் அது கூடுதலாக ஜெயிப்பதும் அதனால்தான்.

சட்டமன்றங்கள் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ கேட்கும் மசோதாவைக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சி. அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் பாஸ்போர்ட் இருக்கிறது, அது படித்தவர்களிடமும் வசதியானவர்களிடமும் அதிகம். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண்களின் பிறப்புச் சான்றிதழ் இப்போதைய பெயரோடு ஒத்துப்போகாது. கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பழமைவாதக் குடும்பங்களில்தான் வலுவாக இருக்கிறது. எந்த வாக்காளரைத் தடுக்க நினைத்து மசோதா எழுதினார்களோ அவர்களோடு சேர்த்துத் தங்கள் சொந்த வாக்காளர்களையும் வெளியே நிறுத்திவிடக்கூடும் என்று குடியரசுக் கட்சியின் தேர்தல் ஆலோசகர்கள்தான் இப்போது கணக்குப் போட்டாக வேண்டும்.